நீரிழிவு: அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூற்றாண்டு விழாவில் ஒரு நோயைப் பற்றிப் பேச இடம் தந்த செயற்குழுவுக்கு முதலில் நன்றி. பழைய நினைவுகளை மற்றவர்கள் நிறையவே பேசுவார்கள். எனக்குத் தந்த தலைப்பு நீரிழிவு. நம் வீடுகளில் அதைச் சீனி வருத்தம் என்போம். "அம்மாவுக்குச் சீனி இருக்கு" என்று சொன்னாலே போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும்.

நம் பாடசாலைக்கும் இந்த நோயின் வைத்தியத்துக்கும் ஏறத்தாழ ஒரே வயது. கனடாவின் டொரன்டோ நகரில் 1921 இல் பிரெடெரிக் பான்டிங், சார்ள்ஸ் பெஸ்ட் ஆகிய இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11 ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலாக ஊசியாகப் போடப்பட்டது. முதல் ஊசி பலன் தரவில்லை. மருந்தை மேலும் சுத்திகரித்து 12 நாட்களின் பின் மறுபடியும் போட்டபோது பையன் தேறினான். அதற்கு முன்பெல்லாம் இந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோவார்கள். காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்துவிட்டார்கள். பான்டிங் பிறந்த நாளான நவம்பர் 14 ஐத்தான் உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறோம்.

ஆக, மருந்து வந்து நூறு வருஷமாகிவிட்டது. நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் அது பணமில்லாமல் தரப்படும் மருந்து. அப்படியிருந்தும் நம் தோட்டத்துப் பெண்களில் பலர், காலில் ஆறாத புண்ணோடும் மங்கிய கண்ணோடும்தான் முதன்முதலாக வைத்தியரிடம் வருகிறார்கள். ஏன் இவ்வளவு பிந்துகிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

எத்தனை பேருக்கு?

2005, 2006 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடந்த ஓர் ஆய்வில், வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 2018, 2019 ஆண்டுகளில் நடந்த இன்னோர் ஆய்வில் அது ஐந்தில் ஒருவரையும் தாண்டிவிட்டது. முதல் ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இந்த மண்டபத்தில் வரிசைக்குப் பத்துப் பேர் இருக்கிறோம். வரிசைக்கு இருவர் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று விளங்கும்.

உடம்புக்குள் நடப்பது

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, பாண், மரவள்ளி எல்லாம் குடலில் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோசு தசைகளுக்குள் போய்ச் சக்தியாக மாற வேண்டுமானால் இன்சுலின் வேண்டும். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் சதையி என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது. சிலருக்கு, பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும், இன்சுலின் சுரக்கும் கலங்கள் அழிந்துவிடுகின்றன. இது முதலாம் வகை. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதற்குச் சரியாக இணங்குவதில்லை. சதையி மேலும் மேலும் சுரந்து, வருஷங்கள் போகப் போகக் களைத்துவிடுகிறது. இரத்தத்தில் தங்கும் மிகையான குளுக்கோசு கண், சிறுநீரகம், நரம்பு, இருதயம் ஆகியவற்றின் இரத்தக் குழாய்களை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. இதில் வலி இல்லை. அதனால் நமக்குத் தெரிவதும் இல்லை.

"மலையேறி உழைக்கிறவளுக்குச் சீனி வருமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தோட்டமில்லை. கூடை சுமந்து மலையேறுகிறவர், விடியுமுன் றப்பர் மலைக்குப் போய்ப் பால் வெட்டுகிறவர், உடம்பில் சதையே இல்லாதவர், இவர்களுக்கெல்லாம் எப்படி வரும்? வருகிறது. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, பிறந்தபோது இருந்த எடை. இலங்கையில் எடை குறைந்த பிள்ளைகள் அதிகமாகப் பிறப்பது தோட்டப்புறங்களில்தான். வயிற்றில் இருக்கும்போதே போசாக்குக் குறைந்த பிள்ளைக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் ஆபத்து கூடுதல் என்று இங்கிலாந்தில் டேவிட் பாக்கர் முதலானோர் 1990 களில் எடுத்துக் காட்டினார்கள். அம்மாவின் பசி மகளின் நாற்பதாவது வயதில் நோயாக வந்து நிற்கிறது.

இரண்டாவது, தெற்காசியர்களான நமக்குக் கை, கால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்புச் சேரும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஆண்களுக்கு 90. நிறுவைக் கருவியைவிடத் தையற்காரரின் நாடா நமக்கு நல்ல எச்சரிக்கை.

மூன்றாவது, நம் சாப்பாடு. காலையில் கோதுமை மா ரொட்டி, மத்தியானமும் பெரும்பாலும் ரொட்டி, இரவில் சோறு. இடையில் நாலைந்து தேத்தண்ணி. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்தாலும் ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி. அது 40 கிராமுக்கு மேல். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மலையேற்றம் நின்றுவிடுகிறது. ரொட்டியின் அளவு மட்டும் குறைவதில்லை. அந்த வயதில்தான் நோய் தலைகாட்டுகிறது.

அறிகுறிகள், சொல்லாமல் விடுபவை

அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், அதிக பசி, காரணமில்லாத எடைக் குறைவு, களைப்பு, பார்வை மங்கல், ஆறாத புண், கால் விறைப்பு. இந்தப் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் சொல்ல வேண்டியது பட்டியலில் இருந்தும் வாயில் வராதவற்றைப் பற்றி.

கொழுந்து மலையில் பெண்கள் ஒதுங்குவதற்கு இடமில்லை. அதனால் பலர் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி சிறுநீர் போகிறது என்று சொல்லவும் கூச்சம். பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைபடுதலும் திரும்பத் திரும்ப வருவது நீரிழிவின் முக்கியமான அடையாளம். சீனி கூடியிருக்கும்போது அங்கே பங்கசுத் தொற்று எளிதில் பற்றும். இதை மாதக்கணக்கில் மறைத்து வைத்து, கடையில் ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருப்பார்கள். வைத்தியர் ஆணாக இருந்தால் சொல்லவே மாட்டார்கள். நாம் பெண்கள் பாடசாலையில் படித்தவர்கள். இதை நாமாவது நம் அம்மாவிடமும் அக்காவிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, நாட்சம்பளம். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். அரைப் பேராவது கிடைக்கட்டும் என்று பார்த்தால் பஸ் இல்லை. கணவனுக்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் என்றால் பேரை விட்டுவிட்டு ஓடுகிறவள், தனக்கென்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறாள். அறிகுறி எதுவும் பெரிதாக இல்லாத நோயில் அந்த அடுத்த மாதம் ஐந்தாறு வருஷமாக நீண்டுவிடுகிறது.

பரிசோதனை

ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. 35 வயதைக் கடந்த எவரும் அரச வைத்தியசாலைகளோடும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களோடும் சேர்ந்து நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பணமில்லாமல் பரிசோதித்துக்கொள்ளலாம். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ நீரிழிவு இருந்தால், கர்ப்ப காலத்தில் சீனி இருந்திருந்தால், வயிறு பருத்திருந்தால் அந்த வயது வரை காத்திருக்க வேண்டாம்.

அறிக்கையில் எப்.பி.எஸ். என்று இருந்தால் அது இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்து காலையில் எடுத்த அளவு. டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இடைப்பட்டது நீரிழிவுக்கு முந்திய நிலை. குளுக்கோசுக் கரைசல் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் நீரிழிவுதான். எச்.பி.ஏ.1சி என்பது கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். அது 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்ட மாட்டோம், மறுபடியும் செய்து உறுதிப்படுத்துவோம்.

நம் பெண்கள் பலருக்கு இரத்தச்சோகை உண்டு. இரத்தச்சோகை இருந்தால் எச்.பி.ஏ.1சி அளவு பிசகக்கூடும். ஆகவே இரத்தச்சோகை இருப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முந்திய நிலையில் கண்டுபிடிப்பதால் என்ன இலாபம்? சென்னையில் வைத்தியர் ஏ. இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். முந்திய நிலையில் இருந்தவர்களை ஏறத்தாழ மூன்று வருஷம் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் சாப்பாட்டையும் ஒழுங்காக மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம், மருந்தில்லாமல் கிடைத்த பலன் இது.

கர்ப்ப காலச் சீனி

கர்ப்பமாகிப் பதியும்போதும், பின்னர் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் சீனி பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்துக்கான எல்லைகள் இன்னும் குறைவு. வெறும் வயிற்றில் 92 ஐ எட்டினாலே அது கர்ப்ப கால நீரிழிவு. கவனிக்காவிட்டால் பிள்ளை மிதமிஞ்சி வளர்ந்து பிரசவம் சிக்கலாகலாம்.

பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் சீனி இறங்கிவிடும். அதோடு எல்லோரும் மறந்துவிடுகிறோம். மறக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் சீனி இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் ஒரு தடவை, அதன் பின் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாக வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது குடும்பநல மாதுவிடம், "எனக்கும் பார்க்க வேண்டும்" என்று கேட்கலாம். தாய்ப்பால் கொடுப்பது தாய்க்கும் பாதுகாப்பு.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியது

நம் பழைய மாணவியரில் ஆசிரியைகள் அதிகம். ஒரு பிள்ளை திடீரென்று மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, பாடத்தின் நடுவில் அடிக்கடி வெளியே போகக் கேட்டால், படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடியும் தொடங்கினால், அது முதலாம் வகையாக இருக்கலாம். வாந்தியும் வயிற்றுவலியும் வேகமான மூச்சும் சேர்ந்துவிட்டால் உயிர் ஆபத்து. நாளைக்கு என்று வைக்காமல் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். பேய் பிடித்தது, கண்ணூறு என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. இன்சுலின் போடும் பிள்ளை எல்லோரையும் போலப் படிக்கலாம், விளையாடலாம், பின்னர் திருமணம் செய்து பிள்ளையும் பெறலாம். வகுப்பில் பசிக்கிறது என்றால் உடனே சாப்பிட விடுங்கள்.

வைத்தியம்: சாப்பாடு

தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது ரொட்டி, கால் பங்கு பருப்பு, மீன், முட்டை. வல்லாரையும் பொன்னாங்காணியும் வேலியோரத்திலேயே கிடைக்கின்றன. மரவள்ளி, ஈரப்பலா, பலாக்கொட்டை ஆகியவையும் சோற்றைப் போன்ற மாச்சத்துத்தான். அவற்றைச் சோற்றுக்குக் கறியாக வைத்தால் மாச்சத்து இரட்டிப்பாகும். சோற்றுக்குப் பதிலாக வைத்தால் சரி.

நம் சபரகமுவ கித்துள் கருப்பட்டிக்கும் பாணிக்கும் பேர் போனது. "சீனிதான் கூடாது, கருப்பட்டி நல்லது" என்று உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள். கருப்பட்டியும் இரத்தத்தில் சீனியைக் கூட்டும்.

குளிசையும் ஊசியும்

மெட்போர்மின் பெரும்பாலோருக்கு முதலில் தரும் குளிசை. சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுக் குழப்பம் குறையும். குளிசை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். கவனிக்காத சீனியும் கூடிய இரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற எண்ணமும் தவறு. களைத்த சதையிக்கு வெளியிலிருந்து தரும் கைகொடுப்பு அது.

கிளிக்கிளசைட் போன்ற சில குளிசைகளும் இன்சுலினும் சீனியை மிகவும் இறக்கிவிடக்கூடும். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர் குளிசையை விழுங்கிவிட்டு, பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார் என்றால் ஆபத்து. உங்கள் வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், மருந்தை அதற்கேற்ப மாற்றலாம். கந்தசஷ்டி, சிவராத்திரி, நோன்பு என்று விரதம் இருப்பவர்களும் முன்கூட்டியே கேட்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்து வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது? புதிய மண்பானையின் அடியில் ஈர மணல் போட்டு, அதன்மேல் சிறிய சட்டியில் நனையாமல் மருந்துக் குப்பியை வைத்து மூடி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத மூலையில் வையுங்கள். பாவிக்கத் தொடங்கிய குப்பியைப் பொதுவாக நாலு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். உறைய வைத்த இன்சுலின் உதவாது.

கொத்தலா ஹிம்புட்டு மரக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம். பாகற்சாறும் வெந்தயமும் அப்படியே. அவற்றுக்கும் சீனியைக் குறைக்கும் தன்மை ஓரளவு உண்டு. ஆகவேதான் குளிசையோடு சேர்த்துக் குடிப்பவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குளிசையை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கால்

ஈரமும் அட்டையும் உள்ள ஊர் நம்முடையது. சீனி நெடுநாள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். அட்டை கடித்ததும் கல் குத்தியதும் தெரியாது. இரவில் படுக்கப் போகுமுன் இரண்டு பாதங்களையும் விளக்கடியில் பாருங்கள். குனிய முடியாத அம்மாவின் காலைப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். புண் இருந்தால் சவர்க்காரத்தாலும் தண்ணீராலும் கழுவி, சுத்தமான துணியால் கட்டுங்கள். சுண்ணாம்பு, புகையிலை, சுடவைத்த எண்ணெய் எதுவும் வேண்டாம். இரண்டு நாளில் குணம் தெரியாவிட்டால், அல்லது சிவந்து வீங்கினால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் போங்கள். ஒரு நாள் பேர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம். கால் போனால் பேரே இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தமும் கொழுப்பும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

2003 மே மாதமும் 2017 மே மாதமும் களுகங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் கிளினிக் கொப்பியையும் ஒரு வாரத்து மருந்தையும் பொலித்தீன் பையில் கட்டி, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். காலில் புண்ணோடு வெள்ளத்தில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

நம்மில் பலர் கொழும்பிலும், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்திலும், இலண்டனிலும், கனடாவிலும் இருக்கிறீர்கள். எங்கே போனாலும் நம் உடல்வாகு நம்மோடு வருகிறது. அங்கேயும் இளமையிலேயே பரிசோதனை கேளுங்கள், குடும்பத்தில் யாருக்கு நீரிழிவு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஊருக்குப் பேசும்போது, "அம்மா, கடைசியாக எப்போது சீனி பார்த்தீங்க? அளவு எவ்வளவு?" என்று அந்த எண்ணையே கேளுங்கள். அனுப்பும் பெட்டியில் சொக்கலேட்டுக்குப் பதிலாக ஒரு குளுக்கோமானியை வையுங்கள். அதற்கான பட்டிகளை மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்து நினையுங்கள்.

சங்கம் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 14 ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் நம் பாடசாலையில் ஒரு பரிசோதனை நாள் நடத்த வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஞாயிறு என்றால் பேர் போகாது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏற்பாடு செய்யலாம். வரும் ஒவ்வொரு பழைய மாணவியும் இதுவரை பரிசோதிக்காத ஒரு பெண்ணைக் கூட்டி வர வேண்டும். அம்மா, சித்தி, மாமி, பக்கத்துக் காம்பரா அக்கா, யாராயினும் சரி. சீனி கூடியிருப்பவர்களை எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவது என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசி வைப்போம். மறுமாதம் அவர்கள் போனார்களா என்று பார்க்கவும் இருவரை நியமிப்போம். அந்த வேலையில் முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே தேத்தண்ணி தயாராக இருக்கிறது என்று சொன்னார்கள். சீனி போடாத கோப்பைகளும் வைத்திருக்கிறார்கள்.